பதினேழு இஞ்ச் லேப்டாப்பும் மூன்று மில்லி வெளிச்சமும்

அந்த மேனேஜர் பொய் சொன்னார். தப்பு தன்னுடையது என்று தெரிந்தே, நாற்பது பேர் முன்னால் அதை என் தலையில் கட்டினார். இதை நான் சுற்றி வளைத்துச் சொல்லப் போவதில்லை.

நடந்தது போன வருடம், 2008-இல், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில். நான் தையல் லைனில் ஏழு வருடம் உட்கார்ந்து, பிறகு பேட்டர்ன் வேலை கற்றுக்கொண்டவள். ஒரு ஷூவுக்குத் தோலை எந்த வடிவத்தில், எந்த அளவில் வெட்ட வேண்டும் என்று வரைந்து கொடுப்பதுதான் பேட்டர்ன். குடியாத்தத்தில் என் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் வரைந்து நாலைந்து கம்பெனிகளுக்குக் கொடுக்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பாதி வரைந்ததை இழந்து இழந்து வெறுத்துப்போய், லேப்டாப் வாங்குவது என்று முடிவு செய்தேன். கம்பெனிக்கே தூக்கிக்கொண்டு போய்த் திருத்தம் போடவும் அதுதான் வசதி. எனக்கு இருக்கப்போவது அந்த ஒரே மெஷின். அதனால் வேலூரில் கடைக்குப் போகும்போது பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேலும், கணுக்கால் வரை வரும் பூட்ஸின் பின்பக்கத் தோல் துண்டு ஒன்றும் எடுத்துப் போனேன். அந்தத் துண்டைத் தொழிலில் குவார்ட்டர் என்போம். பூட்ஸில் பெரிய துண்டு அதுதான்.

கடைக்காரர் காட்டிய ஒவ்வொரு லேப்டாப்பின் திரையிலும் அந்தத் துண்டை வைத்துப் பார்த்தேன். அவர் பதறிவிட்டார்.

"யம்மா, இன்னா பண்றே? ஸ்கிரீன் கீறிக்கப் போவுது!"

"கீறாது. நீ அடுத்தத காட்டு."

பதினாலு இஞ்சில் துண்டு அடங்கவில்லை. பதினைந்தில் சாஃப்ட்வேரின் மெனு பட்டைகள் இடத்தைத் தின்றுவிடும். கடைசியில் ஒரு மூலையில் யாரும் தொடாமல் இருந்தது பதினேழு இஞ்ச். துண்டு முழுதாக அடங்கி, சுற்றிலும் இடமும் மிச்சம் இருந்தது. திரையைப் பின்னால் சாய்த்தால் மேஜைமேல் முழுதாகப் படுத்தது. இதுதான் வேண்டும் என்றேன்.

"இத்த தூக்கினு பஸ்ல போவ முடியாதும்மா. இது வீட்ல வெக்கறது" என்றார். சார்ஜரோடு நாலு கிலோ. தூக்கிக்கொண்டு பஸ்ஸில்தான் வந்தேன்.

வந்ததும் முதல் வேலையாக ஸ்டீல் ஸ்கேலைத் திரைமேல் வைத்தேன். நான் வரைந்த பத்து சென்டிமீட்டர் கோடு ஸ்கேலிலும் பத்து சென்டிமீட்டர் காட்டும்வரை ஸூமை மாற்றினேன். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி கீபோர்டு பக்கத்தில் ஒட்டிவிட்டேன். அந்த எண்ணில் வைத்தால் திரையில் தெரிவதும் நிஜத் தோலும் ஒரே அளவு.

கம்பெனிகளில் என்னைப் பார்த்தாலே சிரிப்பு. அந்த மேனேஜர்தான் அதற்கு "அம்மிக்கல்" என்று பெயர் வைத்தார். "அம்மிக்கல் வந்துச்சா? இன்னிக்கு இன்னா அரைக்கப் போறே?" என்பார். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவரிடமிருந்து போன். உடனே வா என்றார். போனேன், அம்மிக்கல்லோடு.

வெட்டும் பகுதியில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்கள். புது பூட்ஸ் ஆர்டர். தைத்த மேல்தோலைக் கால் அச்சில் போட்டு இழுத்தால், பின்பக்கத் தையல் பிய்ந்துகொண்டு வந்தது. அன்றுதான் ஆர்டர் கொடுத்த பையர் கம்பெனியிலிருந்து, தரம் பார்க்கச் சென்னை இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். மேனேஜர் என்னைப் பார்த்ததும் கத்தினார்.

"மூணு மில்லி கம்மியா வரைஞ்சி குடுத்துட்டு, இப்ப எதுவும் தெரியாத மாதிரி வந்து நிக்கிறியா? தையல் மெஷின்ல உக்காந்துனு இருந்தவள பேட்டர்ன் ரூமுக்குள்ள விட்டா இப்டித்தான் ஆவும்."

இந்த ஊர்களில் பேட்டர்ன் தப்பு என்று ஒரு தடவை பெயர் வந்தால் போதும். சாயந்திரத்துக்குள் ராணிப்பேட்டை வரைக்கும் தெரிந்துவிடும். அப்புறம் ஒருவரும் வேலை தரமாட்டார்கள். ஏழு வருடம் தைத்து, ராத்திரி பகல் படித்து வாங்கிய பெயர் அங்கேயே முடிந்திருக்கும்.

"நான் குடுத்தது சரியான அளவு சார். என் அட்டைய எடுத்துனு வாங்க" என்றேன். வரைந்த படத்தோடு அதே அளவில் நான் வெட்டிக் கொடுக்கும் அட்டையில் என் கையெழுத்தில் நீல மையில் அளவு எழுதியிருப்பேன். அவர் ஒரு அட்டையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு எழுத்தும் இல்லை.

"இது என்னுது இல்ல."

"பின்ன எங்க ஆயாவுதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த அம்மா போட்ட பேட்டர்னை நாங்க அப்ரூவ் பண்ணோம். மெயில்ல வந்த ஃபைல் என் பென் டிரைவ்ல இருக்கு. திறந்து பார்த்துடலாமே" என்றார். அவருடைய லேப்டாப்பில் பேட்டர்ன் சாஃப்ட்வேர் கிடையாது. கம்பெனியின் கம்ப்யூட்டர் ரூமைத் திறக்கச் சொன்னார். ஆபரேட்டர் லீவு, சாவி அவனிடம் என்றார் மேனேஜர். நன்றாகத்தான் யோசித்திருந்தார். ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்.

நான் பையைப் பிரித்தேன்.

காலையில் வீட்டில் கரண்ட் போனதில் என் லேப்டாப்பின் பேட்டரி தீர்ந்துகிடந்தது. வெட்டும் மெஷின் ஓட்டும் பாய் ஒருவர், யாரும் சொல்லாமலே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து வந்து வைத்தார். தோல் வெட்டும் மேஜைமேல் லேப்டாப்பை வைத்து, பென் டிரைவிலிருந்த ஃபைலைத் திறந்து, சீட்டில் இருந்த எண்ணுக்கு ஸூமை வைத்தேன். ஸ்டீல் ஸ்கேலை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்து, நீங்களே அளந்து பாருங்கள் என்றேன். அவர் குனிந்து அளந்தார். பத்துக்குப் பத்து.

திரையைப் பின்னால் சாய்த்து மேஜையோடு படுக்க வைத்தேன். அன்று வெட்டிய குவார்ட்டர் துண்டை எடுத்து, திரையில் இருந்த படத்தின்மேல் மெதுவாக வைத்தேன். முன் ஓரம் பொருந்தியது. மேல் ஓரம் பொருந்தியது. பின் ஓரத்தில் மட்டும், தோலுக்கு வெளியே, மேலிருந்து கீழ்வரை ஒரு வெளிச்சக் கோடு. அப்ரூவ் செய்த படம் அதுவரை இருந்தது. தோல் அதுவரை வரவில்லை.

பாய்தான் முதலில் வாயைத் திறந்தார். "வெளிச்சம் தெரியுது சார். பீஸ்தான் கம்மி."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். அப்புறம் சொன்னார் பாருங்கள், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"ஸ்கிரீன் பெருசு. அதான் எல்லாம் பெருசா தெரியுது."

இந்தத் தடவை நாற்பது பேரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அதே பூட்ஸின் முன்பக்கத் துண்டை எடுத்து, அதன் படத்தின்மேல் வைத்தேன். சுற்றிலும் ஒரு இடத்திலும் வெளிச்சம் தெரியவில்லை. மூடி வைத்த மாதிரி பொருந்தியது. திரை பெரிதாகக் காட்டினால் இதையும் பெரிதாகத்தானே காட்டியிருக்க வேண்டும்?

"அப்போ பேட்டர்ன் சரி. குவார்ட்டர் வெட்டின டை எங்கே?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். டை என்பது தோலை வெட்டும் இரும்பு அச்சு. ஒவ்வொரு டையிலும் எந்த டிசைனுக்கு உரியது என்று நம்பர் அடித்திருப்பார்கள். பாய் அதைத் தூக்கி வந்து மேஜையில் திருப்பிப் போட்டார். நம்பர் இருந்த இடத்தில் கிரைண்டர் போட்டு ராவி, அதன்மேல் புது நம்பர் அடித்திருந்தது. போன சீசனின் டை. அந்தப் பழைய பூட்ஸின் கால் அச்சு ஒடுக்கம்; வடிவம் அதேதான், பின்பக்கம்தான் மூன்று மில்லி குறைவு. குவார்ட்டருக்குப் புது டை வரும்வரை காத்திருக்காமல் பழையதிலேயே வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். எழுத்தில்லாத அந்த அட்டையும் அதை வைத்துக் கோடு போட்டு வெட்டியதுதான்.

"டை ரூம்ல நேத்து கிரைண்டர் ஓடுச்சி சார். நான் கேட்டேன். உன் வேலைய பாருன்னாங்க" என்றார் பாய். சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் யாரைப் பார்த்துச் சொன்னார் என்று எல்லோரும் பார்த்தோம்.

மேனேஜர், "சரி சரி, கும்பல் போடாதீங்க" என்று கையை ஆட்டிவிட்டு நடந்தார். அவ்வளவுதான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

நான் லேப்டாப்பை மூடினேன். அதைத் தூக்கிக்கொண்டு அந்த நாற்பது பேர் நடுவில் நடந்தபோது நாலு கிலோ நாலு கிராமாக இருந்தது. கேட் வரைக்கும் பாய் எடுத்து வருகிறேன் என்றார். வேண்டாம் பாய், இன்றைக்கு நானே தூக்குவேன் என்றேன். சாயந்திரத்துக்குள் ராணிப்பேட்டை வரைக்கும் செய்தி போனது. ஆனால் மேனேஜர் நினைத்த செய்தி இல்லை. அந்த மாதமே இரண்டு புதுக் கம்பெனிகள் கூப்பிட்டன. ஒன்றில், "லேப்டாப்போட வாங்கம்மா" என்று சொல்லியே கூப்பிட்டார்கள்.

இத்தோடு விட்டிருப்பேன். போன மாதம் வேலூரில் ஷூ கம்பெனிக்காரர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. மேடையில் அதே மேனேஜர். தோல் துண்டைத் திரைமேல் வைத்து அளவு பார்க்கும் முறையைத் தன் கம்பெனியில் தானே கொண்டுவந்ததாகப் பேசினார். கைதட்டினார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் அந்த அம்மிக்கல்.

இதையும் அதில்தான் டைப் செய்கிறேன். நல்லவர்கள் யாராவது வந்து நமக்காகப் பேசுவார்கள் என்று முன்பெல்லாம் நினைப்பேன். இப்போது, நான் செய்த வேலை என் கையில், என் மெஷினில் இருக்க வேண்டும், அதை யார் முன்னாலும் விரித்துக் காட்ட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நாளும் அந்தத் திரையைத் திறக்கும்போது அது ஞாபகம் வருகிறது.

மேனேஜர் சார், இந்தப் பத்திரிகை உங்கள் ஆபீஸ் டீப்பாய்மேல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த டையில் இருந்த நம்பரை ராவச் சொன்னது யார்? நாற்பது பேர் முன்னால் என்னைக் கேட்டீர்கள், நாற்பது பேர் முன்னால் பதில் காட்டினேன். இப்போது உங்கள் முறை. இதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டு, பதில் எழுதுங்கள்.