படியோரத்து இத்தாலிக்காரர்கள்

எட்டு வயதிலேயே இத்தாலியின் மிகச் சிறந்த ரெனிஸ் வீரர்களின் முகங்கள் எனக்குத் தெரியும். அவர்கள் யார் என்பதுதான் தெரியாது. ஆனால் ஒவ்வொருவரும் எப்படிச் செத்திருப்பார்கள் என்று அம்மாவும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊரை விட்டுப் பனிநாட்டுக்கு வந்த புதிதில், வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில், ஓர் இத்தாலிக்காரரின் வீட்டு பேஸ்மென்றில், நிலத்தடித் தளத்தில், குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான சின்ன மாமா. மேலே கிழவர் தனியாக இருந்தார். மனைவி காலமாகிவிட்டார். மகன் றிச்மண்ட் ஹில்லில் புதுவீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். உடுப்புத் தோய்க்கிற மெஷின் இரண்டு வீட்டுக்கும் பொது. மேல்வீட்டிலிருந்து எங்கள் வாசலைக் கடந்து அது நின்ற அறைக்கு இறங்குகிற படியின் ஓரச் சுவரில்தான் அந்தப் படங்கள் தொங்கின.

எல்லாம் கண்ணாடி போட்ட படங்கள். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, கையில் மட்டை. அகன்ற தோளோடு ஒருவர். நெற்றியில் மயிர் விழ, சினிமாக்காரனைப்போல இன்னொருவர். பாவாடை முழுக்க இறகு வைத்துத் தைத்த ஒரு பெண். ஒரு வெள்ளிக் கிண்ணத்தைச் சுற்றி நாலு பேர். இவ்வளவும் பரவாயில்லை. ஒவ்வொரு படத்தின் மேலும் பச்சை, வெள்ளை, சிவப்பில் ஒரு றிபன் வளைந்து தொங்கியது. படங்களுக்கு மேலே கிறிஸ்மஸ் விளக்குச் சரம் ஒன்று, அதிலும் சிவப்பு பல்புகளாகப் பார்த்து, பகலிரவாக மினுங்கியது.

எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உயிரோடு இருப்பவர்கள் பட அல்பத்தில் இருப்பார்கள். தப்பித் தவறி ஒரு கலியாணப் படம் சுவருக்கு ஏறலாம். கண்ணாடி போட்டு, மாலையும் போட்டு, மேலே சிவப்பு பல்பும் எரிந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்.

முதல் நாள் உடுப்புக் கூடையோடு இறங்கிய அம்மா பாதிப்படியில் நின்றுவிட்டார்.

"என்ர கடவுளே, இவ்வளவு பேரும் இளம் வயசிலயே?"

கிண்ணத்தோடு நின்ற நாலு பேரும் ஒரே வாகனத்தில் போயிருக்க வேண்டும் என்பது அம்மாவின் கணிப்பு. இறகுப் பெண்ணுக்கு நெருப்பு என்பது என்னுடையது. எனக்குத்தான் வீட்டில் இங்கிலிஷ் கொஞ்சம் ஓடும் என்பதால், இவர்கள் உங்களுக்கு என்ன முறை என்று கிழவரிடம் கேட்டுவரச் சொன்னார் அம்மா. கேட்டேன். கிழவர் நெஞ்சில் கையை வைத்து, எல்லாரும் என்னுடையவர்கள்தான் என்றார். கண்ணும் கொஞ்சம் கலங்கியது. நான் அப்படியே வந்து சொன்னேன்.

"ஒரு குடும்பத்தில இத்தினை சாவு சும்மா வராது. இந்த வீட்டில என்னவோ இருக்கு," என்றார் அம்மா.

எங்கள் பக்கச் சுவர்கள் வெறுமையாக இருந்தன. குடிவந்த புதிதில் அப்பா ஓர் ஆணி அடித்தார். "உம்மட அண்ணற்ற படத்தைக் கொழுவுமன். எத்தினை நாளைக்குத்தான் பெட்டிக்குள்ள வச்சிருக்கப் போறீர்?" என்று கேட்டார். அம்மா குறடு எடுத்துவந்து ஆணியைப் பிடுங்கினார். பெரிய மாமாவைக் கொழும்பில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. சொந்தக்காரர்கள் போனில், "முடிஞ்சுதெண்டு நினைச்சு இனி ஆகவேண்டியதைச் செய்யுங்கோ" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அப்படி யாராவது சொன்ன நாளில் எங்கள் வீட்டில் கறிக்கு உப்பு இருக்காது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சின்ன மாமா றெஸ்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவினார். வேலை முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பார். நல்ல உயரம், நல்ல வடிவு, ஆனால் சிரிப்பை எங்கேயோ விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தவர்போல இருந்தார். பனி கரைந்த ஒரு நாள், நான் எறிந்த ரப்பர் பந்தைக் கராஜ் சுவரில் ஒரு பலகைத் துண்டால் திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டிருந்தார். ஊரில் கிரிக்கெற் விளையாடிய கை. கிழவர் தக்காளிக் கன்றுகளுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு வந்து மாமாவின் தோளைத் தொட்டு, கையை நீட்டிப் பார்த்து, கால் நீளத்தைக் கண்ணால் அளந்தார். சந்தையில் ஆடு வாங்குகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அடுத்த ஞாயிறு கிழவர் கீழே வந்தார். கையில் மடித்த உடுப்பு. வெள்ளைக் காற்சட்டையும் வெள்ளைச் சேட்டும்.

அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் மாமா வெள்ளை உடுத்திக் கிழவரின் காரில் ஏறினார். திரும்பி வரும்போது முகம் சிவந்து, முழங்கால் உரசி, வயிறு நிறைந்திருக்கும். கிழவர் பாணும் ஏதோ இறைச்சியும் கொடுப்பாராம். இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் பக்கத்தில் பூட்டிய ஒரு குளிர் அறை இருந்தது. கதவு இடுக்கால் பார்த்தேன். கயிற்றில் கட்டி என்னவோ நீளநீளமாகத் தொங்கின. கராஜில் பீப்பாய்களில் சிவப்பாக ஏதோ புளித்துக்கொண்டிருந்தது. இதையும் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"சும்மா ஒருத்தன் உடுப்புக் குடுத்து, சாப்பாடும் குடுப்பானே?" என்று அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு மிஞ்சினது உவன் ஒருத்தன். இந்த மாதத்தோட வேற வீடு பாருங்கோ."

"அந்தாளுக்கு விளையாட ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். பொடியன் இப்பதான் கொஞ்சம் சிரிக்கிறான். உமக்கு அதுவும் பொறுக்கேல்லையே?" என்றார் அப்பா.

"சிரிக்கிறதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. சுவரில இருக்கிறவையும் சிரிச்சுக்கொண்டுதானே இருக்கினம்."

மாமாவும் மசியவில்லை. "அக்கா, ஒரு கிழமையில அந்த ரெண்டு மணித்தியாலம்தான் எனக்கு ஒண்டும் ஞாபகம் வாறேல்ல. அதை விடச் சொல்லாதேங்கோ," என்றார். அம்மா என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, "நீயும் போ. அந்தாள் என்ன செய்யிறார், என்ன குடுக்கிறார், எல்லாம் பார். சும்மா விளையாடிக்கொண்டு நிக்காத," என்றார்.

அந்த ஞாயிறு நான் காரின் பின்சீற்றில் போனேன். வெடித்த தரையும் தொய்ந்த வலையுமாக ஒரு பார்க். எனக்கு ரெனிஸ் விளையாட்டின் சட்டம் எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு கிழவர் நின்ற இடத்தில் நின்றுகொண்டு என் மாமாவை அங்கும் இங்கும் நாய்போல ஓடவைத்தார் என்பதுதான். மாமா விழுந்தார். எழும்பினார். கிழவர் இத்தாலி மொழியில் திட்டினார். மாமா எங்கள் மொழியில் அதைவிட மோசமாகத் திட்டினார். பிறகு இரண்டு பேரும் வலையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

கடைசியில் கிழவர் பையிலிருந்து கமராவை எடுத்தார். மாமாவை மட்டையோடு நிறுத்தி, கன்னத்தைப் பிடித்து முகத்தைத் திருப்பி, சுவரில் இருந்த அகன்ற தோள்காரரைப்போலவே நிற்கவைத்து, ஒரு படம் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றமுதல் கத்தினேன். "அம்மா, மாமாவைப் படம் எடுத்துப்போட்டார்!"

அம்மா கதிரையில் இருந்துவிட்டார்.

படம் கழுவி வரக் கொஞ்ச நாள் எடுத்தது. அந்த நாட்களில் அம்மா மாமாவைக் கண்ணை விட்டு விலகவிடவில்லை. றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அவர் பேரில் அர்ச்சனை செய்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார். மாமா ஏனென்று கேட்கவில்லை, அக்காவின் கை நெற்றியில் இருக்கிறவரை பேசாமல் நின்றார்.

ஒரு சனிக்கிழமை காலை அம்மா உடுப்புக் கூடையோடு போனார். கூடை படியில் உருண்ட சத்தம் முதலில் கேட்டது. பிறகு அம்மாவின் குரல். அப்படி ஒரு குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், நாலு பேர் படத்துக்குப் பக்கத்தில் சின்ன மாமா. கண்ணாடி போட்டு. றிபன் மாலை போட்டு. மேலே சிவப்பு பல்ப்.

"கழட்டு! உயிரோட இருக்கிற பிள்ளைக்கு மாலை போட்டு வச்சிருக்கிறான்! கழட்டச் சொல்லு பிள்ளை!"

மேலிருந்து கிழவர் சவரச் சோப்போடு ஓடிவந்தார். எங்கள் வாசலால் சின்ன மாமா நித்திரைக் கண்ணோடு வந்தார். அம்மா ஒரு கையால் தம்பியின் சேட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சுவரைக் காட்டினார். என்ன சொல்கிறார் என்று கிழவர் என்னைக் கேட்டார். செத்தவர்களோடு மாமாவை ஏன் வைத்தீர்கள் என்று கேட்கிறார் என்றேன்.

கிழவர் சுவரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பாதிச் சோப்பு முகத்தில் வாய் மட்டும் திறந்திருந்தது.

"செத்தவர்களா? யார் செத்தது?"

பிறகு அவர் ஒவ்வொரு படமாகத் தட்டித் தட்டிச் சொன்னதை நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். இவர்கள் அவர் பெற்ற பிள்ளைகள் இல்லை. அவருடைய நாட்டின் ரெனிஸ் ராசாக்கள். அகன்ற தோள்காரர் பாரிஸில் இரண்டு தரம் வென்றவர், இப்போதும் றோமில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார். இறகுப் பெண் பேச்சில் இன்றைக்கும் ஆரையும் வெல்லுவார். கிண்ணக்காரர் நாலு பேரும் உலகக் கிண்ணம் கொண்டுவந்தவர்கள், நாலு பேரும் சுகம். றிபன் இத்தாலிக் கொடியின் நிறம். பல்ப், படி இருட்டாக இருந்ததால். குளிர் அறையில் தொங்குவது உப்பிட்டுக் காயவைத்த பன்றியிறைச்சி, பீப்பாயில் புளிப்பது வைன். சின்ன மாமாவை ஏன் வைத்தார் என்றால், அகன்ற தோள்காரரும் பிறந்தது ஆபிரிக்காவில், யுத்தம் துரத்தி இத்தாலிக்கு வந்தபோது அவருக்கு இத்தாலிச் சொல் ஒன்றும் தெரியாது. அப்படி வந்தவன்தான் எல்லாரையும்விடப் பெரியவன் ஆனான். ஆகவே உன் தம்பிக்கும் இங்கே இடம் இருக்கிறது.

"மாமா பந்தடிக்கிறது அவ்வளவு திறமோ?" என்று நான் கேட்டேன். இல்லை, படுமோசம் என்றார் கிழவர்.

சின்ன மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நெற்றியில் மயிர் விழுந்த அந்த வடிவான மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர்மேல் கிழவருக்குத் தனிப் பிரியம். றோமில் ஒரு முறை இவர் கதை முடிந்தது என்று சனம் எழும்பத் தொடங்கிவிட்டதாம். இன்னும் ஒரே ஒரு பந்து தவறினால் தோல்வி. அந்த ஒரு பந்து திரும்பத் திரும்ப வந்தும் இவர் போகவில்லையாம். கடைசியில் அந்தப் போட்டி முழுவதையும் வென்று, பிறகு பாரிஸிலும் வென்றாராம்.

"முடிஞ்சுதெண்டு சனம் சொன்ன பிறகோ?" என்றார் அம்மா.

ஓம் என்றேன்.

"திருப்பிக் கேள் பிள்ளை. எல்லாரும் முடிஞ்சுதெண்டு சொன்ன பிறகோ?"

கேட்டேன். கிழவர் அம்மாவையே பார்த்து, தமிழ் விளங்கியவர்போல, மெதுவாகத் தலையாட்டினார்.

வீடு மாறும் கதை அதோடு நின்றது. கிழவர் சாகும்வரை ஒரு குறை சொல்லிக்கொண்டிருந்தார்: இப்போது இத்தாலியில் ஒருவரும் இல்லை, சுவரில் கொழுவ ஆள் இல்லை. இன்றைக்கு இருந்திருந்தால் சுவர் போதாது. இரண்டு இத்தாலியப் பெண்கள் நியூயோர்க்கில் கடைசி ஆட்டத்தில் ஒருவரோடு ஒருவர் மோதி, முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். இப்போது பனிமலைப் பக்கத்துச் செம்பட்டைத் தலைப் பொடியன் ஒருவன் கிண்ணம் கிண்ணமாகத் தூக்குகிறான். அப்போதெல்லாம், இப்போது விட்பியில் குடியிருக்கும் சின்ன மாமா போன் எடுப்பார். "கிழவன் இதைப் பாத்திருக்கோணும் பிள்ளை," என்பார். 

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த காலையைப் பற்றி. மாமா வெள்ளை உடுத்திப் போய்விட்டார். படியில் இறங்கினேன். வழமையான சிவப்பு வெளிச்சம் இல்லை. அம்மா கதிரை போட்டு ஏறி, ஒரு பல்பை மட்டும் கழற்றியிருக்கிறார். பழைய சரம், ஒன்று போனால் எல்லாம் போகும். முழுச் சுவரும் அணைந்துவிட்டது. கிழவர் அதைத் திருத்தவே இல்லை. பிறகு படியின் உச்சியில் பெரிய வெள்ளை பல்ப் ஒன்றைப் போட்டார்.

பல்ப் கழற்றிய இடத்துக்கு நேர் கீழே, சின்ன மாமாவுக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு படம். பெரிய மாமா. மாலை இல்லை, றிபன் இல்லை. படத்தின் தூசியை அம்மா சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பெரிய மாமாவின்ர கையில மட்டை இல்லையே அம்மா?" என்றேன்.

"வந்து பழகுவார்," என்றார்.

அம்மாவுக்கும் ரெனிஸ் பிடித்துவிட்டது என்று நினைத்து அன்று முழுக்க நான் சந்தோசமாக இருந்தேன்.