வெதுவெதுப்பான மூட்டை

இன்றைக்கு அம்பத்தூர் ஸ்டேஷனில் எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது, அண்ணாத்தே.

தண்ணீர் தெளித்தால் வேர்க்கடலை ஓடு சுலபமாக உடையும். ஆனால் பருப்பு கப்பலிலேயே புழுங்கிக் கெட்டுவிடும். அதனால் காயவைத்து உடைப்பவர்களிடம் மட்டுமே வாங்குகிறேன். கூலி கூடுதல்தான், என்ன செய்வது!

சரக்குப் பார்க்க வந்த ஏற்றுமதிக் கம்பெனி குமாஸ்தா மூட்டைக்குள் கையை விட்டார். ஈரம் பட்டிருந்தால் உள்ளே சூடேறும்.

மேல்மூட்டை வெதுவெதுப்பாக இருந்தது.

"நனைச்ச சரக்கு. ஒரு மூட்டைகூட கப்பலேறாது" என்றார்.

வண்டிக்காரன் கன்னியப்பன்மேல் பாய்ந்தேன். "திருமழிசையிலேர்ந்து வர்ற வழியில எங்கடா தண்ணி பட்டுச்சு?"

"இன்னா தண்ணி நைனா? அதுமேலதான் படுத்துக்கினு வந்தேன். மாட்டுக்குத்தான் வழி தெரியுமே!"

குமாஸ்தா மூட்டையைக் கவிழ்க்கச் சொன்னார். அடிப்பருப்பு ஜில்லென்று, கலகலவென்று கொட்டியது. அவர் சிரித்துவிட்டார். அத்தனையும் வேகனில் ஏறிவிட்டது.

கன்னியப்பனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அண்ணாத்தே, விழித்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறவன் யாராவது உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.