கோணி மாட்டிய வகுப்பு

ஐடா டீச்சருக்குக் கோபம் வரும் என்று கோலார் தங்கச் சுரங்கத்துச் சாம்பியன் ரீப்ஸில் யாரும் சொல்வதில்லை. வருவதென்றால் இடையில் ஒரு தடவையாவது அது போயிருக்க வேண்டும். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து காலையில் நடந்து வரும்போதே கோபமும் கூட வரும். குடையை ஆணியில் மாட்டுவார், கோபத்தை மாட்டமாட்டார். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிரம்பு வைத்துக்கொள்ளாத ஒரே ஆள் அவர்தான். பிள்ளைகள்மேல் பிரியம் என்று சிலர் சொன்னார்கள். அவரைக் கேட்டால், இருக்கிற கோபம் பெரியவர்களுக்கே பத்தவில்லை, பிள்ளைகளுக்கு எங்கே போவது என்பார்.

அவருடைய அப்பா ஏசுபாதம் ஆண்டர்சன்பேட்டையில் மாதா கோவில் மணி அடித்தவர். தூங்குகிற ஊரை எழுப்புவதுதான் குடும்பத் தொழில். அந்த வீட்டில் விடிந்த பிறகு படுத்திருந்தவர் காய்ச்சல்காரராக இருக்க வேண்டும், அல்லது செத்திருக்க வேண்டும். சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊரில் சுரங்கத்துக்குள் யாரும் போகாத வீடு அது. பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

டீச்சர் பயிற்சிக்குப் பெங்களூர் போயிருந்தபோது ஒருநாள் ஜன்னல்களை மூடி, இருட்டாக்கி, சுவரில் படம் காட்டிப் பாடம் நடத்தினார்கள். மழை எப்படிப் பெய்கிறது என்று பாடம். அரைமணி நேரத்தில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளில் பாடம் நடத்தியவருக்கு வேர்த்துவிட்டது. மற்ற பயிற்சி ஆசிரியைகள் அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள். ஐடாவுக்குப் புல்லரித்தது. கேள்வி வராத பாடம் நடக்காத பாடம் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையும் இதே கணக்கில்தான் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் கேசரியை மட்டும் தின்றுவிட்டு எழுந்தவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

அறுபத்து நாலாம் வருஷம் அரசாங்கம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே ஒரு படம் காட்டும் மிஷினை அனுப்பியது. சின்ன இரும்புப் பெட்டி, முன்னால் ஒரு கண்ணாடி, உள்ளே ஒரு பல்பு. பிலிம் சுருளைத் திருகத் திருகச் சுவரில் ஒவ்வொரு படமாக வரும். ஹெட்மாஸ்டர் கொர்னேலியஸ் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, சாமந்தி மாலை போட்டு, எல்லா வகுப்புக்கும் காட்டினார். மிஷின் காட்டும் படத்தை அல்ல, மிஷினை. பிறகு பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இரண்டு வருஷம் அது அங்கேயே இருந்தது. பாதுகாப்பாக இருந்தது என்பது அவர் சொன்னது. ஜெயிலில் இருந்தது என்பது ஐடா டீச்சர் சொன்னது.

கொர்னேலியஸ் கெட்டவர் அல்ல. கொடுத்த பொருளைக் கொடுத்தபடி திருப்பிக் காட்டுவதே உத்தியோகம் என்று நம்பியவர், அவ்வளவுதான். பிள்ளைகள் விஷயத்திலும் அவருக்கு அதே நம்பிக்கை. முதல் வகுப்பில் வந்தபடியே ஏழாம் வகுப்பில் திருப்பிக் கொடுத்துவிடுவார். டீச்சர் போய்க் கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம் வைத்திருந்தார். கரண்டு இல்லை என்பது முதல் காரணம்.

அந்தக் காரணம்தான் டீச்சரின் வயிற்றை எரித்தது. சிவசமுத்திரம் அருவியிலிருந்து அந்த ஊருக்கு மின்சாரம் வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெங்களூருக்கே அப்புறம்தான் வந்தது. மைல் கணக்கில் பூமிக்குள்ளே இறங்கிப் போய்ப் பாறைக்கு வெளிச்சம் காட்டிய கரண்டு, பள்ளிக்கூடத்து வாசல் வழியாகவே கம்பத்துக்குக் கம்பம் தாவிப் போனது. உள்ளே மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. தங்கத்துக்கு இருக்கிற மரியாதை அதைத் தோண்டுகிறவன் பிள்ளைக்கு இல்லையா என்று கேட்டார் டீச்சர். அது மேலிடத்தில் கேட்க வேண்டிய கேள்வி என்றார் கொர்னேலியஸ்.

பக்கத்தில் கூட்டுறவுக் கடை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட ஆபிரகாம், டீச்சருடைய பழைய மாணவன். கடையிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளச் சம்மதித்தான். டீச்சர் கேட்ட விதத்தில் சம்மதிக்காமல் இருக்க அவனால் முடியாது. அறையில் வெளிச்சம் அதிகம் என்று அடுத்த காரணம் வந்தது. அதே கடையிலிருந்து காலி அரிசிக் கோணிகள் வந்தன. இனி காரணம் தேட வேண்டியவர் கொர்னேலியஸ். அதற்குள் கோலாரிலிருந்து இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், மிஷின் எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்கப்போகிறார் என்று தகவல் வந்துவிட்டது. அவர் வருகிற அன்றைக்கு மட்டும் சாவி தருவதாகச் சொன்னார். முன்கூட்டி ஒருதரம் போட்டுப் பார்க்கலாமே என்றதற்கு, பல்பு தேயும் என்றார்.

அன்றைக்கு நாலாம் வகுப்பு ஜன்னல்களில் கோணி ஏறியது, கதவிலும் ஏறியது. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். மிஷினோடு வந்த சுருள் சுரங்கத்தைப் பற்றியது. எங்கேயோ சீமையில் எடுத்த படம். இதைவிட நல்ல பாடம் அமையாது என்று டீச்சர் பூரித்துப் போயிருந்தார். ஷாப்ட், லெவல், கேஜ் என்று சுரங்கப் பேச்சைப் பால்குடிக்கிற காலத்திலிருந்து கேட்ட பிள்ளைகள். படத்தைப் பார்த்தால் கூரை பறக்கும் என்று நினைத்தார்.

படம் விழுந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் கையில் விளக்கோடு சிரித்தான். வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அடுத்து ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜ் வந்தது. அதற்கும் இல்லை. இது இன்னா சொல்லுங்க பார்ப்போம் என்று கேட்டார் டீச்சர். முன் பெஞ்சில் இருந்த யசோதாவின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. வெளியே குழாயடியில் எப்போதும் ஊரைக் கூட்டுகிற பெண்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து எங்கேயோ கீழே பாறை வெடித்துத் தரை உலுக்கியது. ஏர் பிளாஸ்ட், அந்த ஊருக்குப் பழக்கம். சுவரில் இருந்தவன் ஒரு குதி குதித்து மறுபடி சிரித்தான். இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்து கதவுக் கோணியைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் ஆடவில்லை, அசையவில்லை.

இன்ஸ்பெக்டருக்கு வியப்பு தாங்கவில்லை. பூமியே ஆடினாலும் வாய் திறக்காத வகுப்பை எந்த ஜில்லாவிலும் பார்த்ததில்லை என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் சொன்னார். இந்த மிஷினால் இப்படி ஒரு ஒழுக்கம் வரும் என்று மேலே யாருக்கும் தெரியாது, தான் எடுத்துச் சொல்வதாகவும் சொன்னார். கொர்னேலியஸ் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் புகழை வாங்கிக்கொண்டார். ஐடா டீச்சர் நின்றார். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தார்.

ஜீப் போனதும் வகுப்பைப் பிடித்துக்கொண்டார். வாயில் இன்னா, கொழுக்கட்டையா என்று ஆரம்பித்து ஒரு மூச்சு திட்டினார். யசோதா எழுந்து நின்றாள். அப்போதும் கிசுகிசுப்பாகத்தான் பேசினாள்.

"கோணி மாட்டிக் கீதே டீச்சர். அப்பா தூங்கறப்போ பேசக் கூடாது."

நைட் ஷிப்டு முடித்து வருகிறவன் பகலில் தூங்க வேண்டும். சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒரே அறை. ஜன்னலிலும் வாசலிலும் கோணி தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறான் என்று அர்த்தம். பிள்ளை அழாது, பாத்திரம் உருளாது, தெருவில் போகிறவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வான். நடக்கப் பழகுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் பழகியது இது. துணியை மாற்றலாமா என்று டீச்சர் யோசித்தார். பகலில் இருட்டு என்றாலே யாரோ தூங்குகிறார் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். துணி மாறினால் தூக்கம் மாறிவிடாது. இங்கே யாரும் தூங்கவில்லை, தைரியமாகப் பேசுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். சரி டீச்சர் என்றார்கள், கிசுகிசுப்பாக.

இதைக் கொர்னேலியஸும் வாசலில் நின்று கேட்டுவிட்டார். மறுவாரம் எல்லா வகுப்பிலும் கோணி தொங்கியது. மிஷின் பீரோவுக்குள் போய்விட்டது. பிள்ளைகள் சத்தம் போடுகிற வகுப்பில் கோணியை இறக்கிவிட்டால் போதும்; பல்பு தேயாது, பிரம்பு ஒடியாது. கல்வி இலாகா எத்தனையோ சாமான் அனுப்பியிருக்கிறது, அவர் மனதாரப் பயன்படுத்தியது ஆபிரகாம் கடைக் கோணி ஒன்றைத்தான்.

ஐடா டீச்சர் ஆபீஸ் அறைக்குள் போன சத்தம் குழாயடிவரை கேட்டது. கண்ணைத் திறப்பதற்காகக் கொண்டுவந்த இருட்டை வாயை மூடுவதற்கு எடுத்துக்கொண்டீர்களே என்று கேட்டார். வீட்டில் மூடிக் கிடக்கிற வாய் இங்கேயாவது திறக்கட்டும் என்று நான் பார்க்கிறேன், நீங்கள் இங்கேயும் தைக்கிறீர்கள் என்றார். கொர்னேலியஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கோணி மாட்டினால் பிள்ளைகள் பேசமாட்டார்கள், கோணி இல்லாமல் படம் தெரியாது, ஆகவே மிஷினால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கில் பிழை இல்லை. அதனால் டீச்சருக்கு இன்னும் எரிந்தது.

"சனிக்கிழமை ஒரு நாள் குடுங்க சார். அந்த இருட்டுல ஒரு பிள்ளை ஒரு கேள்வி கேட்டா சாவி எங்கிட்ட இருக்கணும், கோணி எல்லாம் கடைக்குப் போகணும்."

"கேட்கலைன்னா?"

"நான் இதைப்பத்தி வாயே திறக்கமாட்டேன்."

ஐடா டீச்சர் வாயைத் திறக்காத ஒரு பள்ளிக்கூடத்தைக் கொர்னேலியஸ் மனக்கண்ணில் பார்த்தார். உடனே ஒத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் டீச்சர் யசோதாவின் வீட்டுக்குப் போனார். அப்பா பெரியசாமி நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பொண்ணு எதுனா தப்பு பண்ணிச்சா என்று கேட்டார். தப்பே பண்ணமாட்டேங்குது, அதுதான் கஷ்டம் என்றார் டீச்சர். சனிக்கிழமை காலையில் ஷிப்டு முடிந்து நேரே பள்ளிக்கூடம் வந்து, இருட்டில் முழித்துக்கொண்டு உட்கார வேண்டும், வேறொன்றும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெரியசாமிக்கு இது வேண்டுதலா தண்டனையா என்று விளங்கவில்லை.

"நான் முழிச்சினு இருந்தா பாடம் நடக்குமா டீச்சர்?"

"நீங்க தூங்கறதாலதான் நடக்கல."

அவர் முகம் சுண்டிவிட்டது. நானா கேட்டேன் நைட் ஷிப்டு என்றார். ஆனால் சனிக்கிழமை அவர் வந்தார். கையில் டிபன் கேரியரோடு, கண் இரண்டும் சிவந்து, கடைசிப் பெஞ்சில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்தார். கோணி இறங்கியது. படம் விழுந்தது. வெள்ளைச் சட்டைக்காரன் சிரித்தான். வகுப்பு வழக்கம்போலச் செத்துக் கிடந்தது.

"இவன் இன்னாடா," என்றது கடைசிப் பெஞ்சு, "வேலைக்குப் போறானா, பொண்ணு பாக்கப் போறானா?"

இருட்டுக்குள் ஒரு அப்பாவின் குரல். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஆள் நிஜமாகவே முழித்திருந்தார். யசோதாதான் முதலில் சிரித்தாள். பிறகு அந்த அறை சிரித்த சிரிப்பில் ஜன்னல் கோணி ஒன்று கழன்று விழுந்தது. டீச்சரே ஓடிப்போய் மாட்டினார்.

படங்கள் ஒவ்வொன்றாக மாறின. சிரிப்பு வந்தது, பேச்சு வந்தது, கேள்வி மட்டும் இன்னும் வரவில்லை. சுரங்கத்துக்குள் வண்டி இழுக்கிற ஒரு குதிரைப் படம் விழுந்தபோது பின்னாலிருந்து குறட்டைச் சத்தம் எழுந்தது. பெரியசாமி சுவரில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தார். ராத்திரி முழுக்கப் பாறை உடைத்த ஆள் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததே பெரிது. வகுப்பு அந்தக் கணமே அடங்கிவிட்டது.

டீச்சர் அடிக்கோலை எடுத்தார். மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், அவர் எழுந்துவிடுவார். எழுப்புவது ஏசுபாதம் மகளுக்குக் கைவந்த வேலை. பெஞ்சில் மடங்கிக் கிடந்த அந்த உடம்பைப் பார்த்தார். வாழ்நாளில் சேர்த்த கோபமெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. யார்மேல் என்று சொல்ல அந்த அறைக்குள் ஆள் இல்லை. கோலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

முன் பெஞ்சிலிருந்து ஒரு கிசுகிசுப்பு.

"டீச்சர், அந்தக் குதிரைக்கு எந்த ஷிப்டு?"

டீச்சரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதற்கு ஷிப்டே இல்லை, ஒருதரம் கீழே இறக்கினால் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும் என்றார். அப்போ எங்கே தூங்கும் என்று இன்னொரு கிசுகிசுப்பு. கீழேயே லாயம் கட்டியிருப்பார்கள். மேலே வந்தால் கண் கூசுமா? அதைக் கேஜில் எப்படி ஏற்றினார்கள்? நாலாப்பக்கமிருந்தும் மெல்ல மெல்லக் கேள்விகள் வந்தன, தூங்குகிறவரைத் தொடாமல்.

"அதுக்குக் கோணியே வாணாம்," என்றாள் யசோதா, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "எப்பவும் இருட்டுதான்."

கதவுக் கோணி விலகியது. நேரம் முடிந்துவிட்டது என்று சொல்ல வந்த கொர்னேலியஸ் வெளிச்சத்தோடு நின்றார்.

"இன்னா டீச்சர், எதுனா ஒரு கேள்வியாவது..."

"மெல்லப் பேசுங்க சார்," என்றார் ஐடா டீச்சர். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார், ஆனால் கிசுகிசுப்பாக. கோபத்தோடு அந்தக் குரலில் அவர் பேசியது அதுவே முதல் தடவை. முன்னைவிடப் பயமாக இருந்தது. "ஆளு தூங்கறாரு."

கொர்னேலியஸ் கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். அவரும் லைன் வீட்டில் பிறந்தவர்தான். வாயை மூடிக்கொண்டார். அந்த நிசப்தத்தில் இன்னொரு பிள்ளை கையைத் தூக்கி, குதிரைக்குச் சம்பளம் உண்டா என்று மெல்லக் கேட்டது. அது அவர் காதிலும் விழுந்தது.

ஐடா டீச்சர் பதில் சொல்லவில்லை. ஹெட்மாஸ்டர் பக்கம் கையை நீட்டினார். அவர் சாவிக்கொத்து குலுங்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பீரோச் சாவியை மட்டும் கழற்ற ஆரம்பித்தார்.