இரவல் காரின் புகை

என் மின்சார காரின் பேட்டரி பழுதாகிவிட்டது. சரியாகும்வரை ஓட்ட வேறொரு மின்சார கார் கேட்டேன்.

"ஒண்ணும் காலியில்ல மேடம்ஜி, டீசல்தான் இருக்கு" என்று சர்வீஸ் சென்டர் மேனேஜர் சாவியை நீட்டினார்.

எரிச்சலோடு வாங்கிக்கொண்டேன். டெல்லிக் குளிரில் புகை கக்கும் வண்டிகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. கண்ணாடியை இறக்கி முறைப்பேன். மகள் மூக்கைப் பொத்திக் காட்டுவாள்.

அன்று அவளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும்போது, முனிர்கா சிக்னலில் ஸ்கூட்டியில் நின்ற பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களை முறைத்தாள்.

"அம்மா, அந்த ஆன்ட்டி ஏன் நம்மள குஸ்ஸாவா முறைச்சுப் பாக்கறாங்க?"

இது என் கார் இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கண்ணாடியை இறக்கினேன். உடனே ஏற்றிவிட்டேன்.

என் கார் திரும்பி வந்துவிட்டது. ஆனால், முன்னால் ஒரு வண்டி புகை விட்டால் முறைப்பதா வேண்டாமா என்று குழம்பிப்போகிறேன். அது ஓட்டுகிறவருடைய கார்தானா, யார் கண்டது?