புகைச் சட்டியை வெளியே வைத்தவள்

எனக்கு எழுபத்தெட்டு வயது நடக்கிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து பேரும் கும்மிடிப்பூண்டிப் பனியில் வளர்ந்தவர்கள், ஒருவருக்கும் இன்றைக்கு நெஞ்சில் கோளாறு கிடையாது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கூட்டிக் கூட்டித்தான் எழுத வரும். எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரருடைய தங்கை. சமீபத்தில் ஒரு சாவு வீட்டில், என் பேரப்பிள்ளைகள் காதுபடச் சொன்னாள்: "உங்க ஆயா மட்டும் அன்னிக்கி அந்தச் சட்டியத் தொடாம இருந்திருந்தா, என் தலைச்சன் புள்ள உசுரோட இருந்திருக்கும்." கல்யாண வீடு, காதுகுத்து, சாவு, எங்கே போனாலும் இதைச் சொல்லுவாள். அவள் கணக்கில் அவள் பிள்ளையைக் கொன்றவள் நான். அவள் சொல்வதைக் கேட்க ஆள் உண்டு. என் பக்கத்தை உட்கார்ந்து கேட்டவர்கள் யாருமில்லை.

நான் கட்டிக்கொண்டு வந்தபோது அந்தப் பக்கம் கம்பெனி எதுவும் கிடையாது. ஏரிக்குக் கீழே வயல், வயலை ஒட்டி எங்கள் குடிசைகள். எல்லோருக்கும் கூலி வேலைதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஊற்றித் தள்ளும். மண்சுவர் ஈரம் காய்வதற்குள் மார்கழி வந்துவிடும். ஓலையிலிருந்து பனி சொட்டும். அந்த நேரம்தான் அறுப்பும். இருட்டு விலகுவதற்குள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினால், கதிரில் இருக்கும் பனியெல்லாம் முழங்கை வழியாக ஓடும்.

பெரியவர்கள் எப்படியோ தாங்குவோம். கைப்பிள்ளைகள்தான் தாங்காது. சளி கட்டி, மூச்சு இழுப்பு வந்துவிடும். அதற்கு எங்கள் ஜனங்கள் புகை போடுவார்கள். அகலமான மண்சட்டியில் வறட்டித் தணல், அதன்மேல் உமி, உமியின்மேல் பச்சை நொச்சி இலை. சட்டியைக் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பிள்ளையை மேலே கிடத்தி, வாசல் தட்டியைச் சாத்தி, பொத்தல்களில் எல்லாம் சாக்கை அடைத்துவிடுவார்கள். குளிர் ஓடும், சளி இளகும் என்பார்கள். என் மாமியார் இதில் பேர் எடுத்தவள். பொன்னேரி பக்கத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைத்துப் போவார்கள்.

என் முதல் பிள்ளை பெண். அது அந்தப் புகைக்குள்தான் போய்ச் சேர்ந்தது. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பனி கொண்டுபோய்விட்டது என்றார்கள். நானும் பனியைத்தான் திட்டித் திட்டி அழுதேன்.

அடுத்தவன் மகன். அவனுக்கும் மார்கழியில் இழுப்பு கண்டது. மாமியார் புகை போட்டுக்கொண்டிருந்த நாட்களில் காலமில்லாத காலத்தில் ஒரு மழை பெய்து, வைத்திருந்த உமியெல்லாம் நனைந்துவிட்டது. அன்றைக்குச் சட்டி இல்லை. அன்றைக்குத்தான் என் மகன் வாய் நிறையப் பால் குடித்துவிட்டுத் தூங்கினான். மறுநாள் யார் வீட்டிலோ உமி வாங்கிவந்து மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் விலா உள்ளே குழிந்து குழிந்து எழும்பியது.

"அத்தே, பொகை இல்லாத அன்னிக்கி புள்ள நல்லாத்தான மூச்சு வுட்டான்" என்றேன்.

"அதுக்கு மின்ன போட்ட பொகை உள்ள நின்னு வேலை செஞ்சிச்சி. இப்ப போடுறது சளியக் கெளப்புது. கெளம்பறப்ப இழுக்கத்தான் செய்யும். நீ இன்னாத்தக் கண்ட" என்றாள்.

எப்படித் திருப்பினாலும் அவளுக்கு ஒரு பதில் இருந்தது. பேசிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டேன். விடிந்து அவள் வாய்க்கால் பக்கம் போன சமயம் பார்த்து, பிள்ளையின் காதில் பஞ்சை வைத்து, கம்பளியில் சுற்றி, வைக்கோல் போருக்கு மறைவில், பனி விழாத பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். அறுப்புக்குப் போன பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"இன்னாமே, கொழந்தைய பனியில போட்டு வாட்டிக்கினு கீற?"

"ஊட்டுல நெருப்புல வாட்டறாங்க, அத யாரும் கேக்கல" என்றேன்.

"வாயப் பாரு இவளுக்கு. மாமியாகாரி வரட்டும், இருக்குது."

மாமியார் வந்தாள், திட்டினாள், மண்ணை வாரித் தூற்றினாள். நான் எழுந்திருக்கவில்லை. தினமும் அதையே செய்தேன். பிள்ளை பிழைத்துக்கொண்டான். பொங்கலுக்குள் தெரு முழுக்கப் பேச்சு, கிழவி புகை போட்டே அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று. புகையை விட்டு வெளியே வைத்திருந்ததால்தான் பிழைத்தான் என்று நான் வாயைத் திறந்து சொன்னேன். சிரித்தார்கள். மாமியாரைக் கூப்பிட இன்னும் நாலு ஊரிலிருந்து வந்தார்கள்.

அதற்கடுத்த வருஷம் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். திருப்பாச்சூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். கார்த்திகைக் கடைசியில் ஆண் பிள்ளை. நல்ல பிள்ளை, கறுப்பாக, தலை நிறைய முடியோடு. மார்கழியில் அதற்கும் இழுப்பு வந்தது. சட்டி வைத்தார்கள், தட்டியைச் சாத்தினார்கள்.

நொச்சி இலை தீர்ந்துபோய் மாமியார் பறிக்கப் போயிருந்தாள். நான் உள்ளே போனேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. நாத்தனார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இருமுகிறாள். பிள்ளைக்கு மூக்கை மூட யார் இருக்கிறார்கள்? உதடு நீலம் பாரித்துவிட்டிருந்தது.

"இந்தப் பொகையில பெரியவ உன்னாலயே இருக்க முடியல. பச்சப் புள்ள இன்னா பண்ணும்? குடு, நான் வெளிய வெச்சிக்கினு இருக்கறேன்" என்றேன்.

"உன் பொண்ணு போனதுலேர்ந்து எங்கம்மா மேல உனுக்கு ஆத்திரம், அண்ணி. அத என் புள்ளகிட்ட காட்டாத."

கந்தலைப் பிடித்துச் சட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, தட்டியை அகலத் திறந்துவிட்டேன். வெளிச்சம் உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுதது. அதற்கு முன்னால் அழக்கூட அதற்கு மூச்சு இருக்கவில்லை. அந்த அழுகையை நாத்தனாரும் கேட்டாள். இன்றைக்குக் கேட்டால் இல்லை என்பாள்.

மாமியார் இலையோடு வந்தாள். பின்னாலேயே என் வீட்டுக்காரரும் வயலிலிருந்து வந்துவிட்டார்.

"வெச்ச சட்டிய பாதியில எடுத்துட்டாடா இவ. கெளம்புன சளி நெஞ்சிலயே கட்டிக்கும். புள்ளைக்கி ஏதாவது ஆச்சின்னா இவதான், பாத்துக்க" என்றாள் மாமியார்.

"யோ, நம்ம பொண்ணு இதுலதான்யா போச்சி" என்றேன் நான்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து சட்டியை எடுத்தார். "நீ வெளிய நில்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்தார். தட்டியைச் சாத்தினது யார் என்று தெரியாது. "தெறக்காத, பனி வரும்" என்று மாமியார் குரல் மட்டும் கேட்டது. கூரை ஓலை வழியாகப் புகை கசிவதைப் பார்த்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். மறுநாள் வெயில் ஏறுமுன் பிள்ளை போய்விட்டது.

பாதியில் எடுத்ததால் போனது என்று மாமியார் சொன்னாள். நாத்தனார் சொன்னாள். எல்லோரும் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

என் மகனைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு அந்தண்டை போய், நாலு கொம்பு நட்டுத் தனியாக ஒரு குடிசை போட்டேன். பொங்கல் கழிந்து அவரும் அங்கேயே வந்து சேர்ந்தார். அந்தக் குடிசையில் அடுப்பைக்கூட உள்ளே வைக்கவில்லை. மேலே ஒரு கீற்று மறைப்பு, அடுப்பு வெளியே. பிள்ளைகளுக்குப் பனிக்காலம் முழுக்கக் காதில் பஞ்சு, தலையில் துணி. வெந்நீரில்தான் குளியல், அதுவும் வெயில் ஏறின பிறகு. வயல் நண்டைப் பிடித்துவந்து, இடித்து, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைப்பேன். படுக்கிற சாக்கை தினமும் வெயிலில் காயப்போடுவேன். குளிருக்குப் பிள்ளைகளை உடம்போடு ஒட்டிப் படுக்க வைத்துக்கொள்வேன். பனியிலேயே பிள்ளை வளர்க்கிறவள் என்று எனக்குப் பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். அங்கே பிறந்த நாலும் பிழைத்தன.

அப்புறம் கம்பெனிகள் வந்தன. வயல் போனது. என் வீட்டுக்காரர் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனார். மார்கழிக் காலையில் கம்பெனிப் புகை மேலே போகாமல் பனியோடு சேர்ந்து தரையிலேயே படுத்துக்கிடக்கும். துவைத்துப் போட்ட துணியெல்லாம் துரு நாற்றம். மாமியாருக்கு இழுப்பு வந்தது அந்த வருஷங்களில்தான். நாத்தனார் திருப்பாச்சூரிலிருந்து பண்டிகைக்கு மட்டும் வருவாள். கிழவியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு நான்தான் பார்த்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் குளிரில் நடுங்குகிறாளே என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சட்டியில் உமித் தணல் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மாமியார் எழுந்து உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அத எட்த்துக்கினு போ. மூச்சு முட்டுது."

எடுத்துக்கொண்டுபோய் வெளியே வைத்தேன். திரும்பி வந்து அவள் எதிரில் நின்றேன். ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நண்டு ரசத்தைக் கொடுத்தபோது வாங்கிக் குடித்தாள்.

பொங்கலுக்கு வந்த நாத்தனாரிடம் இதைச் சொன்னேன். அவள் தன் அம்மாவையே கேட்டாள்.

"இன்னா சொல்றா இவ? எனுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றாள் கிழவி, என் கையால் சோறு தின்றுகொண்டே. மாசியில் செத்தாள்.

பிள்ளையை இழந்தவளுக்கு அந்தப் பழியை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருக்கும். அம்மாமேல் வைக்க முடியாது. அண்ணன்மேலும் முடியாது. வெளியிலிருந்து வந்தவள் நான், என்மேல் வைத்தாள். இது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால் மனது ஆறிவிடவும் இல்லை. இனி என் பேரப்பிள்ளைகளிடம் அந்தப் பழியை அவள் கொடுத்துவிட்டுப் போக விடமாட்டேன்.

அந்தச் சாவு வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் பேத்தி கேட்டாள், "நெஜமாவா ஆயா?" என்று. எழுதின இந்தத் தாளை அவளிடம்தான் கொடுக்கப்போகிறேன்.

இந்தா கண்ணு, உட்காரு. எழுத்து கோணலாத்தான் இருக்கும், மெதுவா படி. மொதல்லேர்ந்து எனுக்குக் கேக்கறாப்பல படி. தாத்தா சட்டிய எட்த்துக்கினு உள்ள போற எடம் வரும். உனுக்கு அவர்னா உசுரு, எனுக்குத் தெரியும். அந்த எடத்துல நிறுத்தாம படி.