மச்சானின் குட்டை மூச்சு

எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு இரண்டு வருஷம் முந்தி நடந்தது இது. குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். எனக்குக் கல்யாணமான புதிது. கடலுக்குள் நிற்கும் பாறைகளில் முங்கிச் சிப்பி பெயர்த்து விற்பதுதான் தொழில்.

முங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மறுமுனை கட்டுமரத்தில் நிற்பவன் கையில். கயிறு பிடிப்பவன் முங்குகிறவனுடைய மனைவியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கைவிட்டால் தாலியறுப்பது அவன் தங்கச்சி அல்லவா! அப்படித்தான் என் மச்சான் என் கயிற்றுக்கு வந்தான்.

கீழே இருப்பவன் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். எல்லாக் கட்டுமரத்திலும் அதுதான் முறை. என் மச்சான் மட்டும் தனி ரகம். நான் முங்கியதும் அவனும் மூக்கைப் பொத்திக்கொள்வான். அவனுக்கு மூச்சு முட்டினால் போதும், கயிறு அசைகிறதோ இல்லையோ, இழுத்துவிடுவான். ஓயாமல் பீடி குடிக்கிற நெஞ்சு எவ்வளவு நேரம் தாங்கும்? நல்ல கொத்தாகப் பார்த்து உளியை வைப்பேன், அதற்குள் மேலே வந்திருப்பேன். மற்றவர்கள் கூடை கூடையாகக் கொண்டுபோக, என் வலைப்பை பாதிதான் நிறையும்.

ஒருநாள் பொறுக்காமல், எல்லார் முன்னாலும் "பீடி நெஞ்சு" என்று கத்திவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. ஆனாலும் விடிந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டுமரத்தடியில் வந்து நிற்பான். சொல்ல வேண்டியதெல்லாம் என் மனைவி மூலமாகத்தான்.

இன்னொரு நாள் காலையும் அப்படித்தான், கரையில் என் மனைவி நடுவில் நின்றாள். "இன்னைக்காவது கயிறு அசைஞ்ச பொறவு இழுக்கச் சொல்லு உனக்க அண்ணன" என்றேன்.

"நான் என்ன தபால்காரியா? நீங்களே சொல்லுங்க" என்றாள் அவள்.

மச்சான் கடலைப் பார்த்துச் சொன்னான்: "எனக்குத் தெரிஞ்சது எனக்கு."

பாறையடியில் அன்று சிப்பி அப்பிக் கிடந்தது. ஆசையோடு நெம்பினேன். எங்கிருந்தோ வந்த அடியலை என்னைத் தூக்கிப் பாறையில் அடித்தது. தலையில் சரியான அடி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கயிற்றை அசைக்க வேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை. 'மாதாவே, கதை முடிந்தது' என்று நினைத்ததோடு ஞாபகம் போய்விட்டது.

கண் திறந்தபோது கட்டுமரத்தில் குப்புறக் கிடந்து உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தேன். மச்சான் தலைத்துண்டால் என் மண்டைக் காயத்தை அமுக்கிப் பிடித்திருந்தான். ஒருபக்கம் அழுகை, ஒருபக்கம் வசவு.

"எனக்கு மூச்சு முட்டிச்சு, இழுத்தேன். இனியும் ஏசுவியாலே?"

அவன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். கரையேறியதும் என் மனைவி எங்கள் இரண்டு பேரையும் ஏசிய ஏச்சு இருக்கிறதே, அதற்குக் கடலடியே தேவலை! காயம் ஆறியதும் மறுபடி முங்கப் போனேன். அவன் எவ்வளவு சீக்கிரம் இழுத்தாலும் நான் ஏசவே இல்லை.

மச்சான் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாயிற்று. இப்போது என் பேரன் அந்தமானில் முதுகில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு முங்குகிறான். காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டர்கூட உண்டாம். லீவில் வந்தவன் எல்லாவற்றையும் விளக்கினான்.

"எல்லாம் சரி மக்கா, கூட யாரு உண்டு?" என்று கேட்டேன்.

"கூட்டாளி ஒருத்தன் உண்டு தாத்தா."

"அவன்கூட சண்டை போட்டாலும் போடு. முங்கப் போனா அவனையே கூட்டிட்டுப் போ."

அவனுக்குச் சிரிப்பு. எனக்கு இத்தனை வயசும், இந்தப் பேரனும், எல்லாம் அந்தப் பீடி நெஞ்சின் குட்டை மூச்சு போட்ட பிச்சை.