தண்ணீர் அடித்த சுவர்

என் வீட்டுக்காரர் பெயிண்டர். ஊரார் சுவரையெல்லாம் பளபளவென்று ஆக்குவார். நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்சுவர் மட்டும் அழுக்கேறிப் போய், அது என்ன நிறமென்று அவருக்கே தெரியாது. கேட்டால், "அது நம்ம சுவரா? ஓனரம்மா சொல்லட்டும், அடிப்போம்" என்பார். வாய் மட்டும் இல்லையென்றால் அந்த மனிதரை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

அந்த வாயும் இந்த விடுமுறையின் முதல் நாளில் அடைத்துப் போனது. காரணம் எங்கள் பெரியவள், ஒன்பது வயது. போன வருடம் பள்ளி திறந்த அன்று டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி, லீவுக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஒருத்தி மலைக்குப் போனாளாம், ஒருவன் கடலுக்குப் போனானாம். இவள் எழுந்து, "எங்கயும் போகல மிஸ்" என்றதும் வகுப்பே சிரித்திருக்கிறது. மறுநாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அப்பா, இந்த வருஷமும் மிஸ் கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

இவர் என்னைப் பார்த்தார். நான் தையல் மிஷினைப் பார்த்தேன். மழைக்காலம் முழுக்க வேலையில்லாமல் உட்கார்ந்திருந்ததைக் கோடையில்தான் ஈடுகட்ட வேண்டும். சுவர் காயும் காலத்தில் பெயிண்டர் ஊர் சுற்றப் போனால் அடுப்பில் பூனை தூங்கும். கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் என் சம்பாத்தியம் எந்த மலையிலும் ஏறாது.

"பார்க்கலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டு இவர் நழுவினார்.

முதல் வாரமே ஆறு வயது சின்னவன் என் நூலையெல்லாம் மேஜைக் காலிலிருந்து கதவு வரை கட்டி பஸ் விட்டான். சும்மாவா அவனை வாலு என்று கூப்பிடுகிறோம்? பெரியவள் தைத்து வைத்த உறையைத் தலையில் மாட்டிக்கொண்டு பேயாக வந்தாள். "ஒண்ணு இதுங்களக் கட்டிப் போடுங்க, இல்ல என்னைக் கட்டிப் போடுங்க!" என்று கத்தினேன்.

மறுநாள் காலை இவர் இரண்டு பழைய பிரஷ்ஷும் ஒரு காலி பெயிண்ட் வாளியும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பின்சுவர் முன்னால் நிறுத்தினார்.

"இனிமே இது உங்க சைட்டு. பெயிண்டுக்குப் பதிலா தண்ணி. ரெண்டு கோட்டு. முதல் கோட்டு காஞ்சப்புறம்தான் அடுத்தது. நல்லா அழுத்தித் தேய்க்கணும். சாயங்காலம் வந்து பார்ப்பேன்."

"குழாத் தண்ணியத் தொட்டீங்க, தொலைச்சிடுவேன்" என்றேன் நான். துணி துவைத்த சோப்புத் தண்ணீர், தினம் ஒரு வாளி. கஞ்சத்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வெயில் ஏறும் வரை, மறுபடி நாலு மணிக்கு மேல். ஈரம் பட்ட இடம் கறுத்து, புதுப் பெயிண்ட் மாதிரியே தெரியும். அந்த முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இந்த முனை காய்ந்துவிடும். முடிந்தால்தானே அலுக்கும்? "பிரஷ்ஷ மேலேருந்து கீழ இழுடா, குறுக்க இழுத்தா கோடு தெரியும்" என்று பெரியவள் தம்பியை மிரட்டுவது ஜன்னல் வழியாகக் கேட்கும். அச்சு அசல் அப்பன் குரல்.

மாலையில் இவர் முகம்கூடக் கழுவாமல், பின்னால் கைகட்டிக்கொண்டு காய்ந்த சுவரை உற்றுப் பார்ப்பார். "இடது பக்கம், கீழ் மூலை. விட்டுப்போச்சு."

பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கும். நிஜமாகவே விட்டுப் போயிருக்கும்! காய்ந்த தண்ணீர் எப்படித் தெரிகிறது என்று நான் தனியாகக் கேட்டேன்.

"எவன் அடிச்சாலும் அந்த மூலையத்தான் விடுவான். நானே விடுவேன்" என்றார்.

பள்ளி திறக்க நாலைந்து நாள் இருக்கும்போது பெரியவள் பிரஷ்ஷை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "அம்மா, கடலுக்குப் போனேன்னு மிஸ்கிட்ட பொய் சொல்லட்டுமா?" தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த என் கால் அப்படியே நின்றுவிட்டது. சொல்லு என்று சொல்லவும் மனம் வரவில்லை, சொல்லாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாள் இவர் வேலைக்குக் கிளம்பும் நேரம், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஓனரம்மா பின்பக்கம் வந்தார்.

"யாரைக் கேட்டு சுவருக்குப் பெயிண்ட் அடிச்சீங்க? அதுவும் பாதி!"

தினமும் பார்த்த எங்கள் கண்ணுக்கு அதுவரை தெரியவே இல்லை. பிள்ளைகளின் கை எட்டிய உயரம் வரை அழுக்குப் போய், சுவர் இளமஞ்சளாக மின்னியது. அதற்கு மேலே பழைய கறுப்பு.

"பெயிண்ட் இல்லம்மா, சோப்புத் தண்ணி" என்றார் இவர். வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது?

"என் காதுல பூ சுத்தாதீங்க." ஓனரம்மா நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒன்றும் உரியவில்லை. "அப்ப மேல ஏன் அடிக்கல?"

"பதினெட்டு வயசுக்கு முன்னாடி ஏணி ஏறக்கூடாது. சைட்டு ரூல்" என்றான் வாலு.

ஓனரம்மா சிரித்துவிட்டார். "இது மஞ்சச் சுவருங்கறதே எனக்கு மறந்துபோச்சு. மீதியையும் முடிச்சுக் குடும்மா" என்று பெரியவளிடம்தான் சொன்னார். இவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மூன்று நாள், வேலை முடிந்து வந்து இவர் ஏணியில் ஏறினார். கீழே பெரியவள் பின்னால் கைகட்டிக்கொண்டு நின்றாள். "இடது பக்கம், மேல் மூலை. விட்டுப்போச்சுப்பா."

பள்ளி திறந்த அன்று இவர் அரை நாளில் வேலையை விட்டு வந்து வாசலிலேயே நின்றார். பெரியவள் உள்ளே வந்து பையைக்கூட இறக்கவில்லை.

"மிஸ் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. எங்கயும் போகலன்னு சொன்னேன்."

இவர் முகம் செத்துப்போயிற்று. "சிரிச்சாங்களா?"

"ஏன் போகலன்னு கேட்டாங்க. நேரமே இல்ல மிஸ், ஒரு சுவரு முடிச்சுக் குடுக்க வேண்டியிருந்துச்சுன்னு சொன்னேன். யாரும் சிரிக்கல. மூணு பேரு சாயங்காலம் பார்க்க வர்றாங்க." தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள். "அந்த மூலைய மட்டும் இன்னொரு தடவ பார்த்துடுங்கப்பா."

இவர் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.